பாம்பனின் பாசிப் பெண்கள்: உங்க ஐஸ்க்ரீமுக்குப் பின்னால் இருக்கும் கடல் கதை

2025-ல் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' பார்த்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்குத் தலையணை நனைச்சவங்க நம்மில் நிறைய பேர். அந்த கே-டிராமாவில் ஹீரோயினோட அம்மா என்ன வேலை செய்வாங்கன்னு ஞாபகம் இருக்கா? ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாம, மூச்சை அடக்கிக் கடலுக்குள் போய் சிப்பியும் பாசியும் எடுத்துட்டு வருவாங்க. கொரியாவின் ஜெஜு தீவில் அவங்களுக்கு 'ஹேன்யோ' என்று பெயர். 2016-ல் யுனெஸ்கோ அவங்க கலாசாரத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவங்களுக்கு அருங்காட்சியகம் இருக்கு, பயிற்சிப் பள்ளி இருக்கு, இப்போ நெட்ஃபிளிக்ஸும் இருக்கு.

அதே வேலையை, அதே மாதிரி மூச்சடக்கி, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துட்டு வர்றாங்க. பாம்பன் சின்னப்பாலம், பாரதி நகர், சேதுக்கரை, ஏர்வாடி என்று மன்னார் வளைகுடா கரையோரம் போனால் பல ஊர்களில் இந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பெண்கள். ஊரில் இதற்குப் 'பாசி எடுக்கப் போறது' என்று பெயர், அவ்வளவுதான். ஸ்பெஷலான பட்டம் எதுவும் கிடையாது. பல வருஷங்களாக அவங்களுக்குக் கிடைச்ச பெயர் என்னவென்றால், 'அத்துமீறி நுழைபவர்கள்.'

அது எப்படி ஆச்சு, நடுவில் 'பெப்சி பாசி' என்று ஒரு ஆசாமி எங்கிருந்து வந்தார், இப்போ அரசு நூற்றுக்கணக்கான கோடிகளைக் கடற்பாசியில் ஏன் கொட்டுது... எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் உங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் திறங்க

ஐஸ்க்ரீம் டப்பா, சாக்லேட் மில்க் பாக்கெட், ஜெல்லி... எது இருந்தாலும் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் 'ஸ்டெபிலைஸர்' வரியைப் படிங்க. 'ஐ.என்.எஸ் 407' என்று இருந்தால் அது கேரஜீனன். 406 என்றால் அகார். 401 என்றால் சோடியம் ஆல்ஜினேட். மூன்றுமே கடற்பாசியிலிருந்து வர்ற பொருட்கள். ஐஸ்க்ரீம் உருகிப் பாலும் தண்ணியுமாகப் பிரியாமல் இருப்பதற்கும், சாக்லேட் தூள் பாலின் அடியில் போய் உட்காராமல் இருப்பதற்கும் காரணம் இந்த வழவழப்புதான். சில டூத்பேஸ்ட்டுகளிலும் இருக்கு. பல் டாக்டர் உங்க பல்லுக்கு அச்சு எடுக்க வாயில் ஒரு மாவைத் திணிப்பாரே, அதுவும் ஆல்ஜினேட்தான்.

அகாரை நம்ம வீடுகளில் நேரடியாகவே தெரியும். நோன்புக் காலத்தில் கீழக்கரை பக்கம் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடும் 'கடல்பாசி' இந்த அகாரில் செய்ததுதான். மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டு வாங்குவோம். பெயரில்தான் சைனா.

சாப்பாட்டைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கு. ஆஸ்பத்திரி லேபில் உங்க ரத்தத்தையோ சிறுநீரையோ 'கல்ச்சர் டெஸ்ட்' செய்யும்போது, கிருமியை வளர்க்கும் தட்டில் இருக்கும் ஜெல்லி அகார். 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். கொஞ்சம் சூடானாலே உருகி ஓடிவிட்டது. அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜாம் உறைய வைக்கப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நவீன நுண்ணுயிரியலின் அஸ்திவாரமே ஒரு சமையலறை டிப்ஸ். (அவர் பெயரை நம்ம பாடப் புத்தகத்தில் படிச்ச ஞாபகம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இல்லை.)

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை

பூ மார்க்கெட் லிஸ்ட் மாதிரி இருக்கும் இதெல்லாம் மன்னார் வளைகுடா பாசிகளின் ஊர்ப் பெயர்கள். 'மரிக்கொழுந்து' என்பது ஜெலிடியெல்லா அசெரோசா. நல்ல தரமான அகார் இதிலிருந்துதான் வரும். விலையும் இதுக்குத்தான் அதிகம். 'கஞ்சிப்பாசி' என்பது கிராசிலேரியா எடுலிஸ். பெயரே சொல்லுது, காய்ச்சினால் கஞ்சி மாதிரி கெட்டியாகும். 'கட்டக்கோரை' சர்காசம் என்னும் பழுப்புப் பாசி, ஆல்ஜினேட்டுக்குப் போகும். 'பக்கோடா பாசி' என்று ஒன்று இருக்கு, டர்பினேரியா. பார்க்க நிஜமாகவே அப்படித்தான் இருக்கும்.

இதை எடுக்கிற நாள் அமாவாசை, பௌர்ணமி கணக்கில்தான் வரும். அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் நன்றாக வத்தும், பாறை மேலே தெரியும், தண்ணீர் தெளியும். காலையிலேயே வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். கண்ணில் நீச்சல் கண்ணாடி. விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். பாறையும் பவளமும் பிளேடு மாதிரி வெட்டும். காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் பை. சேலையோ நைட்டியோ, அதுக்கு மேல் சட்டை. குனிந்து, மூழ்கி, கையால் பிய்த்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி மூழ்கி... மணிக்கணக்கில் இதே. கரைக்கு வந்தபிறகு மணலில் பரப்பிக் காயவைக்கணும், தூசி மண் பிரிக்கணும், அப்புறம்தான் எடை போட முடியும். முள்ளெலி குத்தும், கல்மீன் குத்தினால் உயிரே போகிற வலி. உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் வெடிக்கும்.

காய்ந்த பாசி வியாபாரியிடம் போகும். அங்கிருந்து மதுரைப் பக்கம் இருக்கிற அகார் ஆலைகளுக்கு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் விலையை அவர்தான் சொல்வார். இது பாசிக்கு மட்டும் நடக்கிறதில்லை, கடற்கரை முழுக்க இருக்கிற கதை. ஆனால் இங்கே மூழ்கி எடுப்பது பெண், விலை பேச முடியாததும் அதே பெண்.

கோடு போட்டார்கள்

1986-ல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. காரணம் ரொம்ப நியாயமானது. 117 வகைக் கடினப் பவளங்கள், ஆவுளியா எனப்படும் கடல்பசு, கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் இருக்கிற இடம். சிமென்ட்டுக்கும் சுண்ணாம்புக்கும் பவளப் பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதன் விளைவு என்ன தெரியுமா? அந்த 21 தீவுகளில் விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலேயே இல்லை. பவளம்தான் தீவுக்கு அலைத் தடுப்புச் சுவர். சுவரை இடித்தால் வீடு போய்விடும்.

ஆனால் பூங்காவுக்கு உள்ளே கோடு போட்டபோது, அந்தக் கோட்டுக்குள்தான் பாசிப் பாறைகளும் இருந்தன. தேசியப் பூங்கா என்றால் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போய் எதையும் எடுக்கக் கூடாது. ஆரம்பத்தில் பேப்பரில் இருந்த விதி, 2000-களில் ரோந்து, அபராதம், வல்லம் பறிமுதல் என்று இறுகியது. பவளம் வெட்டியவர், வெடி வைத்து மீன் பிடித்தவர், விரலில் துணி சுற்றிப் பாசி எடுத்த பெண், எல்லாருக்கும் சட்டம் ஒரே கண்ணாடியைத்தான் போட்டது.

இந்த இடத்தில் வனத்துறையைச் சும்மா திட்டிவிட்டுப் போவது ஈஸி. ஆனால் பாசி எடுப்பதால் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரும்புத் தகடால் பாறையைச் சுரண்டினால் பாசியின் அடிப்பிடி, அதாவது பாறையைப் பிடித்திருக்கும் வேர் மாதிரியான பகுதி, அதோடு சேர்ந்து வந்துவிடும். அது போனால் அங்கே மறுபடி முளைக்காது. மரிக்கொழுந்து மெதுவாக வளர்கிற பாசி. பவளத்தின் மேல் நடந்தாலே உடையும். வியாபாரி அதிகம் கேட்க ஆரம்பித்ததும் அதிக நாள் எடுத்ததால், பாசியும் குறைந்தது.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. அந்தப் பெண்களே உட்கார்ந்து பேசி, ஊர் ஊராகச் சேர்ந்து, தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். இரும்புத் தகடு கூடாது, கையால் மட்டும். மாதத்துக்கு 12 நாள் மட்டும். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி ஒன்றரை மாதம் முழுசாக நிறுத்தம்; பாசி மறுபடி வளரட்டும் என்று. இதையெல்லாம் ஒருங்கிணைத்தவர்களில் முன்னணியில் இருந்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது. உலகம் முழுக்கத் தீவுகளின் சூழலைக் காப்பாற்றுகிறவர்களில் வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற விருது அது. வாங்க அவர் கலிஃபோர்னியாவுக்குப் போய் வந்தார்.

ஜெஜுவின் ஹேன்யோக்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்பதைக் கவனிங்க. சிலிண்டர் மாட்டினால் நிறைய எடுக்கலாம்; நிறைய எடுத்தால் தீர்ந்துபோகும் என்பதால் மாட்டுவதில்லை. எந்தக் காலத்தில் எதை எடுக்கக் கூடாது என்று அவர்கள் சங்கம் முடிவு செய்யும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு அங்கே உலக அங்கீகாரம். இங்கே அந்தப் பெண்கள் நீண்ட காலமாகக் கேட்பது மீனவர் என்ற அடையாள அட்டையும், தங்கள் பெயரில் ஒரு உரிமையும்தான்.

பெப்சி பாசி வந்த கதை

இப்போ கதைக்குள் வெளியூர் ஆள் வருகிறார். அறிவியல் பெயர் கப்பாஃபைகஸ் ஆல்வரேஸி. சொந்த ஊர் பிலிப்பைன்ஸ். கேரஜீனன் எடுக்க உலகமே இதைத்தான் தேடும். குஜராத்தின் பாவ்நகரைத் தலைமையகமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், 1980-களில் குஜராத் கரையில் இதை வளர்த்துப் பார்த்துவிட்டு, 90-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000-ங்களின் தொடக்கத்தில் வணிக ரீதியாக வளர்க்க முன்வந்த கம்பெனி, ஆமாம், கூல்டிரிங்க்ஸ் பெப்சிகோவேதான். பெண்கள் சுயஉதவிக் குழுக்களை வைத்து வளர்த்தார்கள். 2008-ல் பெப்சிகோ கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் ஊரில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பல பேருக்கு அது 'பெப்சி பாசி'தான்.

வளர்ப்பது எப்படி? 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம் கட்டி, குறுக்கே 20 கயிறு. ஒரு கயிற்றுக்கு 20 இடத்தில் 150 கிராம் விதைப் பாசியை முடிச்சுப் போட்டால் ஒரு தெப்பத்துக்கு மொத்தம் 60 கிலோ. கரையோரம் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டால், 45 நாளில் நாலு மடங்கு, 240 கிலோ வாக்கில் வளரும். அடுத்த விதைக்கு 60 கிலோவை எடுத்து வைத்துவிட்டு மீதி 180-ஐக் காயவைத்தால், பத்துக்கு ஒன்று கணக்கில் 18 கிலோ மிஞ்சும். ஒரு ஆளுக்கு 45 தெப்பம் இருந்தால் தினமும் ஒன்றை அறுக்கலாம். உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், நிலம் வேண்டாம். மூழ்கத் தேவையில்லை. பூங்காவுக்குள் போகத் தேவையில்லை. கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? முனைக்காடு, சம்பை, அக்காள்மடம் என்று பாக் நீரிணைப் பக்கம் நிறைய குடும்பங்களுக்கு இது நிஜமாகவே கை கொடுத்தது. தினமும் கைக்கு வருகிற காசு, பிள்ளைகளின் ஃபீஸ். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

பிரச்னை என்னவென்றால், இந்தப் பாசிக்கு விதையே தேவையில்லை. விரல் அளவுத் துண்டு உடைந்து மிதந்து போய் எங்கேயாவது சிக்கினால் போதும், அங்கே வளரும். ராமேஸ்வரம்காரங்க பாக் நீரிணையைப் 'பெண் கடல்' என்பார்கள், அமைதியாக இருக்குமாம். மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. (இந்தப் பெயர் வைத்தவர் யாரென்று தெரிந்தால் சில கேள்விகள் கேட்கணும்.) ரெண்டும் பாம்பன் கால்வாயில் கை குலுக்குகின்றன. அதற்குப் பக்கத்திலேயே பூங்காவின் குருசடைத் தீவு. அப்போதிருந்தே உயிரியல் மாணவர்கள் சொர்க்கம் என்று சொல்லும் தீவு அது.

எல்லோரும் பயந்தது போல, தமிழக அரசு 2005-ல் பூங்காப் பக்கம் இந்தப் பாசியை வளர்க்கக் கூடாது, பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம் என்று உத்தரவு போட்டது. ஆனால் 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். குருசடைத் தீவின் பவளங்கள் மேல் இந்தப் பாசி போர்வை மாதிரிப் படர்ந்திருக்கிறது என்று. பவளம் என்பது கல் மாதிரி தெரிந்தாலும் உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய வெளிச்சத்தில் சமைத்துத் தருவதுதான் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு. மேலே தடித்த பாய் விரித்துவிட்டால் வெளிச்சம் போச்சு, சாப்பாடு போச்சு, அடியில் பவளம் செத்துக் கிடக்கும். பிறகு பக்கத்துத் தீவுகளிலும் பார்த்தார்கள். வனத்துறை ஆட்களை வைத்துக் கையால் பிடுங்கி எடுக்க ஆரம்பித்தது. ஒரு துண்டு விட்டுப்போனாலும் மறுபடி வரும் என்பதால் இது முடிகிற வேலையாக இல்லை.

வளர்த்தெடுத்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தரப்பில், பரவல் சிறிய பரப்பில்தான், கட்டுப்படுத்தலாம், இதை ஆபத்தான ஊடுருவல் என்பது மிகை என்று வாதம் வைத்தார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பவள ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்க: பூங்காவுக்குள் கையால் உள்ளூர்ப் பாசி எடுத்த பெண்ணை நிறுத்த ரோந்துப் படகு இருந்தது. வெளிநாட்டுப் பாசிக்கு அப்படி ஒரு செக்போஸ்ட் ஆரம்பத்தில் இல்லை.

ஹவாயும் ஸான்ஸிபாரும் முன்பே பார்த்தது

இதே இனப் பாசிகளை 1970-களில் ஹவாய் தீவின் கனியோஹே விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காகத்தான். திட்டம் முடிந்துவிட்டது, பாசி முடியவில்லை. பவளத் திட்டு திட்டாக மூடியது. கடைசியில் 'சூப்பர் சக்கர்' என்று ஒரு படகு. ராட்சத வேக்குவம் க்ளீனர் மாதிரிப் பாசியை உறிஞ்சி எடுக்கும். எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதைத் தின்ன, கூடத்தில் வளர்த்த முள்ளெலிகளை 2011-லிருந்து ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டும் சேர்ந்த பிறகுதான் நிலைமை கைக்குள் வந்தது. அமெரிக்காவிடம் அந்தப் பணம் இருந்தது.

ஸான்ஸிபார் வேறு மாதிரிப் பாடம். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான அங்கே 1989-லிருந்து கடற்பாசி வளர்ப்பு, செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சொந்தமாகக் காசு சம்பாதிக்க முதல் முறை வழி கிடைத்தது என்பதால் குடும்பத்துக்குள்ளேயே அவர்கள் குரல் மாறியது. ஆனால் கடல் சூடானபோது, நல்ல விலை போன கப்பாஃபைகஸ் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் செத்தது. ஆழத்துக்குப் போகணும் என்றால் படகு வேண்டும், நீச்சல் வேண்டும். அங்கே பல பெண்களுக்கு ரெண்டும் இல்லை.

அதே சூடு நம்ம பக்கமும் வந்தது. 2013-ஐ ஒட்டி ராமநாதபுரம் கரையில் வளர்த்த கப்பாஃபைகஸ் கொத்துக் கொத்தாக அழுகியது. தண்ணீர் சூடானால் பாசியின் நுனி வெளுத்து உடைந்து விழும் நோய். ஐஸ் மாதிரி வெள்ளையாகிவிடுவதால் 'ஐஸ்-ஐஸ்' என்று பெயர். விதையாக எல்லோரும் கட்டியதும் ஒரே கொத்திலிருந்து வருடக்கணக்கில் வெட்டி வெட்டி எடுத்த துண்டுகள். அதாவது, கடல் முழுக்க ஒரே செடியின் ஜெராக்ஸ் காப்பி. ஒன்றுக்குத் தாங்காத நோய் எதுக்குமே தாங்காது. பல குடும்பங்கள் தெப்பத்தைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். மன்னார் வளைகுடா பவளங்களும் 2010, 2016 கோடைகளில் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது நினைவிருக்கலாம். பாசிக்கும் பவளத்துக்கும் சண்டை என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பொது எதிரி அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போ கோடிகள் வருகின்றன

உலகம் வருஷத்துக்கு 3.5 கோடி டன்னுக்கு மேல் கடற்பாசி உற்பத்தி செய்கிறது (2019 கணக்கு). அதில் 97 சதவிகிதம் வளர்ப்பு. சீனாவும் இந்தோனேசியாவும்தான் பெரிய தலைகள். இவ்வளவு நீளக் கடற்கரை வைத்திருந்தும் இந்தியாவின் பங்கு 1 சதவிகிதத்தைத் தொடாது. அதனால்தான் 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்கு மட்டும் 640 கோடி ரூபாய் ஒதுக்கி, வருடத்துக்கு 11 லட்சம் டன்னுக்கு மேல் என்று இலக்கு வைத்தார்கள். தொண்டி பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தை 2024-ல் கடற்பாசி வளர்ப்புக்கான சீர்மிகு மையமாக அறிவித்தார்கள். (அந்த நிறுவனத்தின் தலைமையகமே 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது, அப்புறம்தான் கொச்சிக்குப் போனது.) ஐஸ்க்ரீமைவிட இப்போ பெரிய மார்க்கெட் உரம். இஃப்கோ விற்கும் 'சாகரிகா' பாட்டிலை உங்க ஊர் உரக்கடையில் பார்த்திருப்பீங்க, அது கடற்பாசிச் சாறு.

'கடற்பாசி வளர்த்தால் கார்பன் குறையும்' என்றும் ரீல்ஸில் பார்க்கலாம். கொஞ்சம் நிதானம். பாசி கார்பனை இழுக்கும், உண்மை. ஆனால் அதை அறுத்து ஐஸ்க்ரீமாக்கிச் சாப்பிட்டால் அந்தக் கார்பன் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். மரம் நடுவதும் இதுவும் ஒன்றில்லை.

இந்தக் கோடிகளில் எந்தப் பாசிக்கு எவ்வளவு என்பதுதான் உண்மையான கேள்வி. உள்ளூர்க் கஞ்சிப்பாசியைக் கயிற்றில் வளர்க்கும் முறையை மண்டபம் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வைத்திருக்கிறார்கள். தப்பித்துப் போனாலும் அது தன் சொந்த ஊருக்குத்தான் போகும். மகசூலும் விலையும் கப்பாஃபைகஸ் அளவுக்கு வராது என்பதால் கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைவு. அரசுப் பணம் போக வேண்டிய இடம் இது என்பேன்; கம்பெனி போட யோசிக்கிற இடத்தில்தானே அரசு தேவை? அதற்குப் பதிலாகப் புது வீரியத்துடன் விதைப் பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்ற யோசனைதான் வேகமாக நகர்கிறது. 2024 அக்டோபரில் உயிருள்ள கடற்பாசியை இறக்குமதி செய்ய மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. முன் அனுமதி, தனிமைப்படுத்திச் சோதனை, ஆபத்து மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கு. முதல் முறை வந்தபோது இல்லாத செக்போஸ்ட் இந்த முறையாவது காகிதத்தில் இருக்கு.

அந்தக் காகிதம் கடலில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கச் சரியான கண்கள் யாருடையது? மாதத்துக்கு 12 நாள் அந்தப் பாறைகளுக்கு நடுவில் தலையை விட்டுப் பார்ப்பவர்கள் யாரோ, அவர்களுடையது. புதுப் பாசி ஒன்று குருசடையில் ஒட்டினால், செயற்கைக்கோளுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். பூங்காவின் கண்காணிப்பில் அவர்களைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்வது, கையால் எடுப்பதற்கு நாள் கணக்கில் முறையான அனுமதி கொடுப்பது, வளர்ப்புத் திட்டங்களில் முதல் உரிமை தருவது... இவையெல்லாம் 127 கோடியில் ஒரு மூலைக்குக்கூட வராத செலவு.

அடுத்த முறை ராமேஸ்வரம் ட்ரிப் போறீங்களா? பாம்பன் ரோடு பாலத்தில் எல்லோரும் புது ரயில் பாலத்தை ஷூட் பண்ணிட்டு இருப்பாங்க. மண்டபத்திலிருந்து போகும்போது வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. பச்சைத் திட்டாகத் தெரிவது குருசடையும் அதன் கூட்டாளித் தீவுகளும். இடது பக்கம் பாக் நீரிணை; கரையோரம் மிதக்கும் மூங்கில் சட்டங்கள்தான் பாசித் தெப்பம். கோயில் பக்கக் கடைகளில் பவளத் துண்டு விற்றால் வாங்காதீங்க. பவளம் 2001-லிருந்து புலிக்கு இணையான முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கு, பைக்குள் இருந்தால் மாட்டுவது நீங்கதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால், சின்னப்பாலம் பக்கம் மணலில் கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்துகொண்டிருக்கும். மிதிச்சுடாதீங்க. அது ஒருத்தரோட ஒரு நாள் மூச்சு.